இரண்டும் இடம்

ருஸ்தாவி கார்ச் சந்தையில் மாக்வாலா
தன் வேனின் பானெட் மேல்
பம்பர் சாமான்களைப் பரப்பியிருந்தாள்,
கருவாடு காயப்போட்ட மாதிரி.
மூடுபனி விளக்குக்கான மூடி, ஒரு ஜோடி.
அசல் இல்லை. அசல் போல.

என் காரும் அப்படித்தான்.
கடலுக்கு அப்பால் எங்கோ மோதி, ஏலம் போய்,
கப்பலேறி வந்து மறுபடி காராக ஆனது.
முன்கண்ணாடி மூலையில் ஏலக்காரன் கிறுக்கிய
மஞ்சள் எண் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அதில் விளக்கே கிடையாது. விலை குறைந்த ரகம்.
விளக்கு இருக்கவேண்டிய இரண்டு குழிகளிலும்
மலைச்சாலைச் சேறு வாடகையில்லாமல் குடியிருந்தது.
மருந்துக் கடைகளுக்குப் பெட்டி இறக்குகிறவள் நான்.
சுத்தமாக வரவேண்டாமா.
"தலை இல்லாதவனுக்குத் தொப்பியா?" என்றான்
கீழ்வீட்டு கோச்சா, சிகரெட்டோடு.

ஞாயிறு. குளிரில் பிளாஸ்டிக் விறைத்துக் கிடந்தது.
மூன்றாம் மாடியிலிருந்து வயர் இறக்கி
ஹேர் டிரையரால் அதற்கு வெந்நீர்க்காற்று ஊட்டினேன்.
ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடித்துவைத்து
சக்கர வளைவில் மூன்று திருகு கழற்றி
முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினால்
ஒரு கிளிப்பின் நாக்கு விரலில் தட்டுகிறது.
அழுத்து.
டக்.
அந்த ஒரு சத்தத்துக்கே கொடுத்த காசு சரி.

அடுத்தது உட்காரவில்லை.
திருப்பினேன், தலைகீழாக்கினேன், கெட்ட வார்த்தை சொன்னேன்.
செருப்பை மாற்றிப் போட்டால் கால் சொல்லிவிடும்;
பம்பரும் சொன்னது.
இரண்டும் இடம்.
இரண்டு இடம் இருந்தும் வைக்க இடமில்லை.

"அப்படியானால் எவனிடமோ இரண்டு வலம் போயிருக்கிறது,
அவனும் திட்டிக்கொண்டு வருவான்" என்று
மாக்வாலா நோட்டில் என் எண்ணை எழுதிக்கொண்டாள்.
பணத்தைப் பற்றி அவளும் பேசவில்லை.

ஐந்து வாரம் ஒற்றைக் குழியோடு ஓட்டினேன்.
முகம் தெரியாத அந்த ஆள்மேல்
எனக்கு ஒரு மாதிரி உரிமை வந்துவிட்டிருந்தது.
சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு காரின்
வாயோரத்தையும் குனிந்து பார்ப்பேன்.

பிறகு இரவு பதினொன்றுக்கு போன்.
"நுக்ஸார். அகால்ட்ஸிகே. என்னிடம் இரண்டு வலம்.
என் இடம் உங்களிடமா?"

பாதிவழியில், சுராமியில்,
சாலையோரம் இனிப்பு ரொட்டி சுடும் அடுப்புகளருகே
சந்திப்பதாக ஏற்பாடு.
பனி அன்றைக்கு அடுப்பின் வாய்வரை வந்திருந்தது.
புகை எது, பனி எது, ரொட்டிக்காரிக்கே குழப்பம்.
சாம்பல் நிறத்தில் என் காரே எதிரில் வந்து நின்றது.
அதன் கண்ணாடியிலும் மஞ்சள் எண்.

மூக்கோடு மூக்கு நிறுத்தினோம்.
என் குழிக்கு நேரே அவர் மூடி.
அவர் குழிக்கு நேரே என் மூடி.
இருவருமே சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

நான் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து இடம் என்றேன்.
அவர் எதிரில் நின்று பார்த்து வலம் என்றார்.
பொருள் ஒன்றே.
பானெட்டில் இப்போது இரண்டு உபரி மூடி,
அச்சுப் பிசகாமல் ஒரே பக்கம்.

நுக்ஸார் தொப்பியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார்.
"மனைவியும் இதையேதான் சொல்வாள்,
நீ எங்கே நின்று பேசுகிறாய் என்று."
ரொட்டிக்காரி சிரித்ததில் மாவு தும்மினாள்.
ஆளுக்கு ஒரு ரொட்டி. திராட்சை கருகியிருந்தது, சூடு.

என்னிடமிருந்த உபரியை
அடுப்புக்கு மேல் ஆணியில் மாட்டச் சொன்னேன்,
கீழே என் எண்ணைக் கரியால் எழுதி.
எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.
வருகிறவன் எங்கே நின்று பார்ப்பானோ.

அவர் மேற்கே போனார். நான் கிழக்கே.
பனி என் குழிவழியே உள்ளே போய்
சக்கரத்தோரம் வெளியே வந்துகொண்டிருந்திருக்கும்.
இருபதில் ஓட்டினேன்.